பாரா நிற்பவன் கையில் எந்தத் துப்பாக்கி?

எங்கள் ஊர் வங்கி வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். காக்கி யூனிஃபார்ம், பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் ஒரு டபுள் பேரல் துப்பாக்கி. நம்மூர் வங்கிக் காவலர்களில் பலரைப் போல அவரும் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் வரிசையில் நிற்கும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, ராணுவத்துல இருந்தப்ப ரைஃபிள் வச்சிருந்திருப்பீங்க. இங்க ஏன் இந்தப் பழைய துப்பாக்கி?"

அவர் பதில் சொல்லாமல் முகவாயால் எனக்குப் பின்னால் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். வரிசை, டோக்கன் மெஷின், கண்ணாடிக் கதவு, அதற்கு அந்தப்பக்கம் பஸ் ஸ்டாப்.

"தம்பி, அங்க எனக்கு முன்னாடி வெறும் மலை. இங்க பாருங்க, எத்தனை பேரு."

அவ்வளவுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து இதைத் தோண்ட ஆரம்பித்தேன். ராணுவக் காவல் பணிக்கு ரைஃபிள் நல்லதா, ஷாட்கன் நல்லதா என்பது துப்பாக்கிப் பிரியர்கள் முடிவில்லாமல் சண்டை போடும் கேள்வி. எது சக்தி வாய்ந்தது, எது தைரியமானது என்று அந்தச் சண்டை போகும். படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது வேறு. இது துப்பாக்கியைப் பற்றிய கேள்வியே இல்லை. பாரா நிற்பவனுக்கு முடிவெடுக்க எவ்வளவு தூரமும் நேரமும் கிடைக்கிறது, அந்த முடிவை எடுக்க அவனை நாம் நம்புகிறோமா என்பதுதான் கேள்வி. அதைத்தான் இந்தக் குறிப்பில் விளக்கப் பார்க்கிறேன்.

குழலுக்குள் என்ன வித்தியாசம்?

முதலில் அடிப்படை. ரைஃபிளின் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் திருகு மாதிரி சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டு அதில் உரசிக்கொண்டு வெளியே வரும்போது பம்பரம் போலச் சுழலும். சுழல்வதால் தடுமாறாமல் நேராகப் போகும். ஷாட்கன்னின் குழல் பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும், பள்ளம் கிடையாது. அதிலிருந்து ஒரே நேரத்தில் பல ஈயக் குண்டுகள் கொத்தாகக் கிளம்பும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கி பால்ரஸ் குண்டுகளை நினைத்துக் கொள்ளுங்கள்.

'12 போர்' என்கிறோமே, அந்தக் கணக்கும் சுவாரஸ்யமானது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குச் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 போர். விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர்.

அமெரிக்க ராணுவம் காவலுக்குப் பயன்படுத்திய வழக்கமான ஷாட்கன் தோட்டாவுக்கு 'டபுள் ஆட் பக்' என்று பெயர். அதற்குள் ஒன்பது ஈய உருண்டைகள். ஒவ்வொன்றும் சுமார் 8.4 மில்லிமீட்டர் விட்டம், மூன்றரை கிராம் எடை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வியட்நாம் காலத்து எம்16 ரைஃபிள் குண்டின் எடையும் ஏறக்குறைய அதே மூன்றரை கிராம்தான். அப்படியென்றால் ஷாட்கன் ஒரு தடவை வெடித்தால் எடைக் கணக்கில் ஒன்பது ரைஃபிள் குண்டுகள் ஒரே சமயத்தில் கிளம்புகின்றன.

ஆனால் வேகம் வேறு. எம்16 குண்டு நொடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்கும் வேகத்தில் கிளம்பும். ஷாட்கன் உருண்டைக்கு சுமார் 400 மீட்டர்தான். போதாததற்கு அது உருண்டை. கூர்மூக்கு குண்டைவிட உருண்டையைக் காற்று அதிகமாகப் பிடித்து இழுக்கும். அதனால் அதன் வேகம் சீக்கிரமே குறைந்துவிடும். எம்16 மாதிரி ரைஃபிளால் சுமார் 500 மீட்டர் வரை ஒரு ஆளைக் குறிபார்க்கலாம். தவறிய குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேலும் போகும். ஷாட்கன்னுக்கு 35, 40 மீட்டர்தான் உருப்படியான எல்லை. தவறிய உருண்டைகளும் அறுநூறு எழுநூறு மீட்டருக்குள் தரையில் விழுந்துவிடும்.

வங்கிப் பெரியவர் எனக்குப் பின்னால் காட்டினாரே, அதன் அர்த்தம் இப்போது புரிகிறது. ஊருக்குள் காவல் நிற்கிறவனுக்கு, குறி தப்பிய குண்டு எங்கே போய் விழும் என்பதும் ஒரு கணக்கு.

'குறி பார்க்கவே வேண்டாம்' என்ற கட்டுக்கதை

ஷாட்கன்னைப் பற்றி எல்லோரும் சொல்வது: "அதுக்குக் குறியே தேவையில்ல, சும்மா அந்தப் பக்கம் திருப்பிச் சுட்டாப் போதும்." சினிமா கொடுத்த அறிவு இது.

பொதுவாகச் சொல்லப்படும் தோராயக் கணக்கு, ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம் என்று உருண்டைகள் விரியும். தோட்டாவுக்குத் தோட்டா, குழலுக்குக் குழல் இது மாறும். ஆனாலும் ஒரு படம் கிடைக்கும். கேட்டில் அடையாள அட்டை பார்க்கும் தூரம், அதாவது மூன்று மீட்டர் என்றால் விரிவு எட்டு சென்டிமீட்டர். உள்ளங்கை அளவு. அந்தத் தூரத்தில் ஷாட்கன்னாலும் தாராளமாகக் குறி தவறலாம். 10 மீட்டரில் 28 சென்டிமீட்டர். ஒரு ஆளின் நெஞ்சளவு. ஷாட்கன்னின் ராஜ்ஜியம் இதைச் சுற்றித்தான். 25 மீட்டரில் 70 சென்டிமீட்டர். இப்போது ஆளின் தோள் அகலத்தையே தாண்டிவிட்டது. ஒன்பதில் சில உருண்டைகள் அவனைத் தொடாமல் பின்னால் போகும். 40 மீட்டரில் விரிவு ஒரு மீட்டருக்கு மேல்.

அந்தத் தவறிய உருண்டை ஒவ்வொன்றுக்கும் சுட்டவன்தான் பொறுப்பு. ரைஃபிள்காரனுக்கு ஒரு தடவை விசையை அழுத்தினால் ஒரு குண்டுக்குத்தான் கணக்குச் சொல்ல வேண்டும். ஷாட்கன்காரன் ஒன்பதுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு கட்டுக்கதை சுவர். "கட்டடத்துக்குள்ள ஷாட்கன்தான் பாதுகாப்பு, ரைஃபிள் குண்டு சுவரைத் துளைச்சுட்டுப் போயிடும்" என்பார்கள். அமெரிக்க வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கும் மெல்லிய பலகைச் சுவர்களை டபுள் ஆட் உருண்டைகள் வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகின்றன. இலேசான, அதிவேகமான ரைஃபிள் குண்டோ சில சமயம் முதல் தடையிலேயே புரண்டு, உடைந்து, சக்தியை இழக்கிறது. அதற்காக ரைஃபிள் குண்டு சுவருக்குள் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. சுவருக்குப் பின்னால் ஆள் இருந்தால் இரண்டுமே ஆபத்து.

சுமையும் எண்ணிக்கையும்

பாரா என்பது பெரும்பாலும் எட்டு மணிநேரம் எதுவும் நடக்காத வேலை. அதனால் சுமை முக்கியம். ஒரு 12 போர் தோட்டா ஏறத்தாழ 45 கிராம். ஒரு 5.56 ரைஃபிள் தோட்டா ஏறத்தாழ 12 கிராம். முப்பது ரைஃபிள் தோட்டாக்களின் எடையில் ஷாட்கன் தோட்டா எட்டுதான் வரும். ரைஃபிளில் மேகசினைக் கழற்றி மாட்டினால் இன்னொரு முப்பது தயார். பம்ப் ஷாட்கன்னில் ஐந்தோ எட்டோ இருக்கும். தீர்ந்தால் ஒவ்வொன்றாக உள்ளே தள்ள வேண்டும், பயத்தில் கை நடுங்கும்போது. தோளில் உதையும் பலமாக இருக்கும்.

எதிரில் வருகிறவன் ராணுவக்காரன் என்றால் இன்னொன்றும் உண்டு. ஷாட்கன் உருண்டைகளைச் சாதாரணத் துணி அடுக்குக் கவசமே தடுத்துவிடும். அதே கவசத்தை ரைஃபிள் குண்டு துளைக்கும். அதைத் தடுக்கக் கெட்டியான தகடு வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஷாட்கன்னை ஏன் வைத்திருக்கிறார்கள்? முதல் காரணம், பத்துப் பதினைந்து மீட்டருக்குள், இருட்டில், திடீரென்று பாய்கிற ஆளை ஒரே வெடியில் நிறுத்தும் வாய்ப்பு அதில் அதிகம். இரண்டாவது, அதே குழலில் ரப்பர் குண்டு, 'பீன் பேக்' என்கிற சிறு பை என்று உயிர் எடுக்காத (எடுக்கும் வாய்ப்பு குறைவான) தோட்டாக்களையும் போடலாம். கூட்டம், கைதிகள், கேட் தகராறு மாதிரி இடங்களில் இது பெரிய வசதி. மூன்றாவது பயம். பம்ப் ஷாட்கன்னை இழுத்துவிடும் அந்த 'கிளாக்-கிளாக்' சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

1918-ல் வந்த ஒரு புகார்க் கடிதம்

முதல் உலகப் போரில் அமெரிக்கா வின்செஸ்டர் 1897 மாடல் ஷாட்கன்னை பிரான்சுக்குக் கொண்டுபோனது. குழலைக் குட்டையாக்கி, கை சுடாமலிருக்க மேலே துளைபோட்ட தகடு மாட்டி, முனையில் பயனெட் செருக வசதி செய்திருந்தார்கள். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பம்பை இழுத்து இழுத்து விட்டால் ஒவ்வொரு தடவையும் வெடிக்கும். பதுங்குகுழியின் வளைவுகளில், சில மீட்டர் தூரத்தில் ஆளோடு ஆள் மோதும் இடத்துக்கு இது பொருத்தமாக இருந்தது. ஜெர்மன் கைதிகளைக் காவல் காக்கவும் இதே துப்பாக்கிதான்.

ஜெர்மனி கடுப்பாகிவிட்டது. 1918 செப்டம்பர் 19 அன்று அதிகாரபூர்வமாக எதிர்ப்புத் தெரிவித்தது. தேவையில்லாத வேதனை தரும் ஆயுதங்களைத் தடை செய்யும் ஹேக் விதிகளின் 23-ஆம் பிரிவைக் காட்டி, ஷாட்கன்னோடு பிடிபடும் அமெரிக்கர்களின் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராபர்ட் லான்சிங் அதை ஏற்க மறுத்து, நீங்கள் அப்படிச் செய்தால் நாங்களும் பதிலுக்குச் செய்வோம் என்று எழுதினார். இரண்டு மாதத்துக்குள் போரே முடிந்துவிட்டது. விஷவாயு விட்ட நாடு ஷாட்கன்னைக் கொடூரம் என்றது வரலாற்றின் நகைச்சுவைகளில் ஒன்று.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பாதி, தோட்டா. அன்றைய ஷாட்கன் தோட்டாவின் உறை காகிதம். பதுங்குகுழிச் சேற்றில் ஊறி, உப்பி, குழலுக்குள் நுழையாமல் அடம்பிடித்தது. பிறகு முழுப் பித்தளை உறை செய்ய வேண்டி வந்தது. மழையில் நனைந்துகொண்டு நிற்கும் பாராக்காரனுக்கு, துப்பாக்கியின் சக்தியைவிட அது நனைந்தாலும் வேலை செய்யுமா என்பது முக்கியம்.

காவல்காரனையே பயந்தால்?

இதுவரை பார்த்தது, வெளியே இருந்து வருகிறவனை நினைத்துச் செய்யும் தேர்வு. காவல் நிற்பவனையே சந்தேகித்துச் செய்த தேர்வும் உண்டு. அது நடந்தது நம் நாட்டில்.

1857 கிளர்ச்சி என்றதும் கொழுப்புத் தடவிய தோட்டா நினைவுக்கு வரும். அந்தத் தோட்டா என்ஃபீல்டு 1853 மாடல் துப்பாக்கிக்கானது. அதற்கு வரிப்பள்ளக் குழல், நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் குறிபார்க்கும். கிளர்ச்சி அடங்கிய பிறகு ஆங்கிலேயர்கள் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாடல் ஒன்றைக் கொடுத்தார்கள். வெளியே பார்க்க என்ஃபீல்டு மாதிரியேதான் இருக்கும். உள்ளே வரிப்பள்ளம் இல்லை, வழுவழுப்பு. பக்கத்தில் நிற்கும் வெள்ளைச் சிப்பாய் கையில் ரைஃபிள், இந்தியன் கையில் குறி தூரம் குறைக்கப்பட்ட துப்பாக்கி. அடுத்த சில பத்தாண்டுகளும் இதே கதைதான். வெள்ளைப் படைக்குப் புது ரைஃபிள் வந்தால், அவர்கள் கழித்துப்போட்ட முந்தைய மாடல் இந்தியப் படைக்கு வரும்.

இருபதாம் நூற்றாண்டில் இதன் தம்பி ஒன்று வந்தது. இஷாப்பூர் ஆயுதத் தொழிற்சாலையில் .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களை எடுத்து, வழுவழுப்பான .410 குழலாக்கி, மேகசின் வேலை செய்யாதபடி மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும்படி மாற்றினார்கள். சிறைக் காவலர்களுக்கும் போலீஸுக்கும் அதைக் கொடுத்தார்கள். கூட்டத்தின் மேல் சுட அது போதும். யாராவது பிடுங்கிக்கொண்டு போனாலும், காவல்காரனே திரும்பி நின்றாலும், ரைஃபிள் வைத்த ராணுவத்தின் முன் செல்லாது.

ஒரு அரசு தன் காவல்காரன் கையில் எதைக் கொடுக்கிறது என்று பார்த்தால், அது யாருக்குப் பயப்படுகிறது என்று தெரிந்துவிடும்.

பெய்ரூட், காலை 6:22

இனி வருவது, எந்தத் துப்பாக்கி என்ற கேள்வியே அர்த்தமிழந்த ஒரு காலை.

1983-ல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் பன்னாட்டு அமைதிப் படையின் பகுதியாக அமெரிக்க மரீன்கள் விமான நிலையத்தில் முகாமிட்டிருந்தார்கள். அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. மஞ்சள் நிற மெர்சிடிஸ் லாரி ஒன்று பக்கத்து வாகன நிறுத்தத்தில் ஒரு வட்டமடித்து, வேகமெடுத்து, முள்கம்பிச் சுருளை நசுக்கிக்கொண்டு இரண்டு காவல் நிலைகளுக்கு நடுவே பாய்ந்து, கட்டடத்தின் முன்கூடத்துக்குள் போய் வெடித்தது. குறைந்தது 12,000 பவுண்டு டிஎன்டிக்குச் சமம் என்று பின்னர் விசாரணைக் குழு கணித்தது. 241 அமெரிக்கர்கள் இறந்தார்கள். சில நிமிடங்களில் நடந்த இன்னொரு வெடிப்பில் 58 பிரெஞ்சு பாராசூட் வீரர்கள் இறந்தார்கள்.

அந்தக் காவல் நிலைகளில் நின்றவர்கள் கையில் இருந்தது எம்16 ரைஃபிள். ஆனால் உத்தரவு 'நிலை நான்கு': மேகசின் துப்பாக்கியில் இருக்கக் கூடாது, குழலில் தோட்டா இருக்கக் கூடாது. தவறுதலாக வெடித்துப் பொதுமக்கள் யாரும் செத்துவிடக் கூடாதே என்ற கவலை. ஒரு காவலர் மேகசினைச் செருகி, தோட்டாவை ஏற்றி, தோளுக்குக் கொண்டுவந்தார். அதற்குள் லாரி கட்டடத்துக்குள் போயிருந்தது.

இதில் மனதை உறுத்தும் விஷயம் இன்னொன்று. அதே ஆண்டு ஏப்ரலில் பெய்ரூட் அமெரிக்கத் தூதரகத்தில் வாகன வெடிகுண்டு வெடித்து 63 பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு தூதரகக் காவலுக்குப் போன மரீன்களுக்கு, சந்தேகத்துக்குரிய வாகனத்தைச் சுட இடம்கொடுக்கும் புது விதி அட்டை நீல நிறத்தில் தரப்பட்டது. விமான நிலையத்தில் நின்றவர்களிடம் இருந்தது பழைய வெள்ளை அட்டை. ஒரே ஊர், ஒரே படை, ஒரே மாதிரி ரைஃபிள். அட்டையின் நிறம் மட்டும் வேறு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நொடிக்கு 14 மீட்டர் வரும். 40 மீட்டர் தூரத்தில் ஷாட்கன்னோடு நிற்பவனுக்குக் கிடைப்பது மூன்று நொடிக்கும் குறைவு. 200 மீட்டரில் ரைஃபிளோடு நிற்பவனுக்கு 14 நொடி. காகிதத்தில் ரைஃபிள் ஜெயித்துவிட்டது. ஆனால் 200 மீட்டரில் வரும் லாரி வெடிகுண்டு லாரியா, தண்ணீர் லாரியா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? விமான நிலையத்துக்கு நாள் முழுக்க லாரி வரும். அது வேலியை உடைக்கும்போதுதான் எதிரி என்று தெரிகிறது. அந்த நொடி வரை ரைஃபிளின் 500 மீட்டர் வெறும் எண்தான்.

துப்பாக்கியின் உண்மையான தூரம் குண்டு போகிற தூரம் இல்லை. வருவது யார் என்று நிற்பவனுக்குத் தெரிகிற தூரம். அதை நீட்டுவது துப்பாக்கி இல்லை. வளைந்து வளைந்து வரவைக்கும் கான்கிரீட் தடுப்பு, பள்ளம், முன்கூட்டியே நிறுத்திச் சோதிக்கும் கேட், இரவில் விளக்கு, இவைதான். அவன் கையில் ஏற்றிய துப்பாக்கி இருந்திருந்தாலும் அந்த எடையுள்ள லாரியை இலேசான ரைஃபிள் குண்டோ ஷாட்கன் உருண்டையோ நிறுத்தியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஓட்டுநரை வீழ்த்தலாம், ஆனால் லாரி உருண்டு வந்துகொண்டேதான் இருக்கும். சரியான தடுப்பு இருந்திருந்தால் குறைந்தபட்சம் கட்டடத்துக்குள் போயிருக்காது.

சரி, எதைக் கொடுக்கலாம்?

முன்னால் திறந்தவெளி, பின்னால் ஆளில்லை, வருகிறவன் ஆயுதத்தோடும் கவசத்தோடும் வரலாம் என்றால் ரைஃபிள். யோசிக்கவே வேண்டாம்.

குறுகிய வாசல், படிக்கட்டு, கைதிகள் வார்டு, கப்பலேறும் பாலம் மாதிரி இடங்களில், தூரம் பத்துப் பதினைந்து மீட்டர், உயிரெடுக்காத தோட்டாவும் தேவைப்படலாம் என்றால் ஷாட்கன்னுக்கு இன்னும் வேலை இருக்கிறது. அங்கேயும் பக்கத்தில் ரைஃபிளோடு ஒருவர் நிற்பது நல்லது. ஒருவனிடம் ஒன்றுதான் கொடுக்க முடியும், எந்த மாதிரித் தாக்குதல் வரும் என்றும் தெரியாது என்றால், எல்லாத் தூரத்துக்கும் ஓரளவு பொருந்துவதால் ரைஃபிளையே கொடுக்கலாம். இன்று பெரும்பாலான ராணுவங்கள் செய்வதும் அதுதான்.

ஆனால் எதைக் கொடுத்தாலும் அதற்கு முன் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். அதில் தோட்டா இருக்கிறதா? எப்போது சுடலாம் என்று அவனுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறோமா? முடிவெடுக்க அவனுக்கு நேரம் கிடைக்கும்படி இடத்தை அமைத்திருக்கிறோமா? 1858-ல் குழலை வழித்து எடுத்ததும், 1983-ல் மேகசினைக் கழற்றி வைக்கச் சொன்னதும் நோக்கத்தில் வேறு வேறு. முன்னது ஆதிக்கம், பின்னது அக்கறை. ஆனால் இரண்டிலும் நின்றவனிடம் துப்பாக்கி இருந்தது, முடிவு அவனிடம் இல்லை.

போன வாரம் வங்கிக்குப் போனபோது பெரியவரிடம் பெய்ரூட் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "அந்தப் பையன் பொழைச்சானா?" என்று கேட்டார். தோளுக்குத் துப்பாக்கியைக் கொண்டுவந்தவரைத்தான் கேட்டார்.

பிழைத்தார் என்றேன்.

"அதுதான் தம்பி கஷ்டம்" என்றார். டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், நான் உள்ளே போய்விட்டேன்.